கரி வரியா, கறி வரியா?

"ஆட்டுக் கறிக்குமா வரி போட்டுட்டான்?" என்று டீக்கடை அண்ணாச்சி கேட்டார். கேட்ட அதிர்ச்சியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கூடவே நின்றது என் டீ.

அவர் மேல் தப்பில்லை. நானும் மாமாவும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கால் மணி நேரமாக "கரி வரி, கரி வரி" என்று கத்திக்கொண்டிருந்தோம். எழுத்தில் சின்ன 'ர', பெரிய 'ற' என்று ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம். வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்து விழுகின்றன. ஞாயிற்றுக்கிழமை வேறு.

"ஆட்டுக்கறி இல்ல அண்ணாச்சி, அடுப்புக்கரி. நிலக்கரி" என்றேன்.

"அப்ப சரி" என்று டீயை ஆற்ற ஆரம்பித்தார். நிலக்கரிக்கு என்ன வரி போட்டால் என்ன, அது நம் வீட்டுக்குள் வருகிற சாமானா என்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. இந்த நிம்மதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

இடம் பாபநாசம். கும்பகோணம் பக்கத்துப் பாபநாசம் இல்லை. 2015-ல் கமல் ஹாஸன் படத்துக்குப் பேர் வைத்தார்களே, அந்தத் திருநெல்வேலிச் சீமைப் பாபநாசம். தாமிரபரணி மலையை விட்டு இறங்கிச் சமவெளியைப் பார்க்கிற இடம். அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்திருந்தேன். படித்துறையில் கூட்டம். மீன்கள் பொரிக்காகக் கரையோரம் வந்து க்யூவில் நின்றன. எள்ளும் தண்ணியும் இறைத்து, மூன்று முங்கு முங்கி எழுந்து, மாற்று வேட்டி கட்டிக்கொண்டு, எல்லோரும் செய்கிற காரியத்தை நானும் செய்யப் போனேன். அதாவது உடுத்தியிருந்த ஈர வேட்டியைச் சுருட்டி ஆற்றில் விடப் போனேன். ஊர்ப் பேரே பாபநாசம். பாவம் துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. அதனால் படித்துறை ஓரமெல்லாம் சேலையும் வேட்டியும் சட்டையும் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு, ஊறிப்போய், மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அவ்வப்போது யாராவது இறங்கி வாரிக் கரையில் போடுவார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடி சேர்ந்துவிடும்.

ஓங்கின கையை மாமா பிடித்துக்கொண்டார்.

"ஏலே, என்னத்தப் பண்ணுத?"

"ஆத்துல விடுதேன் மாமா. பாவம் போகும்லா."

"யாருகிட்ட போகும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நின்று யோசித்தால், அம்பாசமுத்திரத்துக்குப் போகும். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று ஊர் ஊராகப் போய், புன்னைக்காயலில் கடலுக்குப் போகும். ஈர வேட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தோம்.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. வி.கே.புரத்தில் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் முப்பத்தாறு வருஷம் லெட்ஜர் எழுதியவர். ட்ரையல் பாலன்ஸில் எட்டணா உதைத்தால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. நானும் பி.காம்.தான். ஆனால் என் டிகிரியை அவர் முழுசாக நம்பியதில்லை. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறேன் என்று தெரிந்த அன்று அவர் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது.

அவரிடம் கொஞ்சம் மேதாவித்தனம் காட்டலாம் என்றுதான் ஆரம்பித்தேன். "மாமா, இதையே ஒரு வெள்ளைக்காரர் 1920-லேயே சொல்லிட்டார். பிகு-ன்னு பேரு. கேம்பிரிட்ஜ் புரொபஸர். நீ புகையை விட்டுட்டுப் போயிடுவே, அழுக்காகிற துணியைத் துவைக்கிற செலவு அடுத்தவனுக்கு. அந்தச் செலவு உன் கணக்கில் வரவே இல்லை. அதனால் அந்த அளவுக்கு உன் மேல் வரி போடணும்னார்."

"எனக்கு அத்தனை படிப்பு இல்ல. ஆனா அவனும் துணியைப் பத்தித்தான் பேசியிருக்கான்" என்றார் மாமா.

உண்மைதான். பெரிய நகரத்துப் புகையால் கட்டடம் கெடுகிறது, காய்கறி கெடுகிறது, துணி வெளுக்கிற செலவு கூடுகிறது என்று பிகு தன் புத்தகத்தில் கணக்குப் போடுகிறார். நூறு வருஷம் கழித்து உலகம் முழுக்கக் 'கார்பன் வரி' என்று அடித்துக்கொள்கிறார்களே, அதற்கெல்லாம் தாத்தா இதுதான்.

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப இப்படி வச்சுக்க. படித்துறையில ஒரு ஆளை உக்காத்தி, ஆத்துல விடுற வேட்டிக்கு அம்பது ரூவான்னு வாங்கணும். அந்தத் துட்டுல ஆள் போட்டுத் துணியை வாரணும். சரியா?"

"சரி மாமா."

"என்ன நடக்கும்? பாதிப்பேர் அம்பது ரூவாய்க்கு யோசிச்சு வேட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவான். மீதிப்பேர் துட்டைக் கட்டுவான். ரெண்டுல எது நடந்தாலும் ஆத்துக்கு நல்லதுதான்."

கார்பன் வரியை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார நிபுணரும் விளக்கி நான் படித்ததில்லை. தமாஷ் என்னவென்றால், மாமா வாயில் வந்த அந்த ஐம்பது ரூபாயை நம் சர்க்கார் நிஜமாகவே வாங்கியிருக்கிறது. வேட்டிக்கு இல்லை, நிலக்கரிக்கு.

2010 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி அறிவித்தார். அந்த வருஷம் ஜூலை 1 முதல் இந்தியாவில் வெட்டுகிற நிலக்கரி, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எல்லாவற்றுக்கும் டன்னுக்கு 50 ரூபாய் 'கிளீன் எனர்ஜி செஸ்'. அந்தப் பணத்தைப் போட 'தேசிய சுத்த எரிசக்தி நிதி' என்று ஒரு தனி உண்டியல். காற்றாலை, சூரிய மின்சாரம் மாதிரி காரியங்களுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. 2014-ல் அருண் ஜேட்லி அதை 100 ஆக்கினார். 2015-ல் 200. 2016-ல் 400. கூடவே பேரையும் 'கிளீன் என்விரான்மென்ட் செஸ்' என்று மாற்றினார்கள். எரிசக்தி போய்ச் சுற்றுச்சூழல் வந்தது.

செஸ் என்றால் என்ன என்று மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருமான வரிக்கு மேல் நாலு பர்சென்ட் என்று 'ஹெல்த் அண்ட் எஜுகேஷன்' பேரில் பிடிக்கிறார்களே, அதே ஜாதி. ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் சொல்லி வாங்குகிற வரி. வரி என்றால் மத்திய சர்க்கார் மாநிலங்களோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். செஸ்ஸில் அந்தப் பங்கு கிடையாது. அதனால் டெல்லிக்குச் செஸ் என்றால் தனிப் பிரியம். ஆபீஸில் ஹெட் கிளார்க் மகள் கல்யாணத்துக்கு என்று தலைக்கு இருநூறு வசூல் பண்ணுவோமே, அந்த மாதிரி. கல்யாணத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் போய்ச் சேரும். மீதியில் யார் டீ, பஜ்ஜி சாப்பிட்டார்கள் என்று கேட்கிறவன் ஆபீஸில் கெட்டவன்.

மாமா கெட்டவர். "எவ்வளவு வரவு? எவ்வளவு செலவு?" என்றார்.

பார்லிமென்டில் சர்க்கார் தரப்பிலிருந்தே கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். 2010-11 முதல் 2017-18 வரை நிலக்கரிச் செஸ்ஸாக வசூலானது சுமார் 86,440 கோடி ரூபாய். அதில் அந்தத் தனி உண்டியலுக்குள் போய் விழுந்தது சுமார் 29,600 கோடி. உண்டியலிலிருந்து எடுத்துக் காரியத்துக்குச் செலவானது சுமார் 15,900 கோடி.

மாமா பில் புத்தகத்தின் பின்பக்கத்தை வாங்கிக் கணக்குப் போட்டார். நூறு ரூபாய் வசூல். உண்டியலில் முப்பத்து நாலு. செலவு பதினெட்டு.

"ஏலே, இது ட்ரையல் பாலன்ஸா?" என்றார். ஐந்து நிமிஷம் டீ குடிக்கவில்லை.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். செலவான பதினெட்டு வீணாகவில்லை. காற்றாலை, சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோக எட்டு மாநிலங்களில் புது மின்பாதை போடும் 'கிரீன் எனர்ஜி காரிடார்' திட்டத்துக்கு இந்த நிதியிலிருந்து மானியம் போனது. எட்டில் தமிழ்நாடும் ஒன்று. நம் ஜில்லாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ராதாபுரம், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்று பிய்த்துக்கொண்டு போகும். விசிறி சுற்றத் தயாராக இருக்கும். மின்சாரத்தை ஏற்றிவிட லைன் போதாமல் "நிறுத்து" என்று சொன்ன வருஷங்கள் உண்டு. அந்த லைனுக்குச் செலவழித்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்? கங்கையைச் சுத்தம் பண்ணுகிற திட்டத்துக்கும் இந்த நிதியிலிருந்து ஒதுக்கினார்கள்.

"கங்கைக்கா? நிலக்கரிப் புகைக்கு வாங்கின துட்டா?" என்றார் மாமா. கொஞ்சம் பொறுத்து, "தாமிரபரணி என்னலே பாவம் பண்ணிச்சு?"

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அன்றோடு அந்தச் செஸ் ஒழிந்தது. ஒழிந்தது என்றால் நானூறு ரூபாய் ஒழியவில்லை. அதே நானூறு, அதே டன், பேர் மட்டும் 'ஜி.எஸ்.டி. காம்பன்ஸேஷன் செஸ்'. ஜி.எஸ்.டி.யால் மாநிலங்களுக்கு வருமானம் குறைந்தால் ஈடு கட்டுகிற பணம். புகைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

"மாநிலத்துக்குத்தான மாமா போச்சு. வாத்தியார் சம்பளமோ, ஆஸ்பத்திரி மருந்தோ ஆகியிருக்கும். அதுவும் நல்ல காரியந்தான்."

"நல்ல காரியந்தான். நான் இல்லேங்கல. ஆனா லெட்ஜர்ல தலைப்பை மாத்தக் கூடாது. கான்டீன் கணக்குல வாங்கின துட்டை ஸ்பேர் பார்ட்ஸுல எழுதினா எங்க மானேஜர் வேலையை விட்டே தூக்கியிருப்பாரு."

கதை இதோடும் முடியவில்லை. 2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி.யை மாற்றி அமைத்தபோது நிலக்கரியின் நானூறு ரூபாய்ச் செஸ்ஸை அடியோடு எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு 5 பர்சென்டாக இருந்த வரி 18 பர்சென்ட் ஆனது. "கூடத்தானே ஆச்சு?" என்று தோன்றும். பி.காம். மூளைக்கு இங்கேதான் வேலை. செஸ், எடைக்கு வாங்கின வரி. ஜி.எஸ்.டி., விலைக்கு வாங்குகிற வரி. டன் 1,500 ரூபாய் விலையுள்ள சாம்பல் மண்டிய மட்டக் கரியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே 5 பர்சென்ட் 75 ரூபாய், செஸ் 400, ஆகமொத்தம் 475. இப்போது 18 பர்சென்ட், 270 ரூபாய். டன் 5,000 ரூபாய்க்கு விற்கிற உசத்திக் கரிக்கு முன்னே 650, இப்போது 900. ஏறக்குறைய 3,077 ரூபாய்க்குக் கீழே இருக்கிற கரிக்கெல்லாம் வரி குறைந்திருக்கிறது. கரி மட்டமாக மட்டமாக வரியும் மட்டம். வியாபாரத்துக்கு இது நியாயமாக இருக்கலாம். ஆனால் புகையை மனசில் வைத்துப் போட்ட வரி என்று இதை யாரும் சொல்ல முடியாது.

இத்தனையும் நடந்த பதினைந்து வருஷத்தில் ஒரு பஸ் மேலாவது கல் விழுந்ததா? ஒரு கடை அடைப்பு? யோசித்துப் பாருங்கள்.

பிரான்ஸில் 2018 நவம்பரில் பெட்ரோல், டீசல் வரியில் கார்பன் பங்கை ஏற்றியதற்கு ஜனங்கள் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். டிசம்பரில் சர்க்கார் அடுத்த ஏற்றத்தைக் கைவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2012-ல் டன்னுக்கு 23 டாலர் என்று கொண்டுவந்தார்கள். அடுத்த எலெக்ஷனே அதன் மேல் நடந்து, ஆட்சி மாறி, 2014-ல் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கனடா கதை இன்னும் விசேஷம். 2019-ல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் கார்பன் கட்டணம் போட்டு, அதில் பெரும் பங்கை ஜனங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நிறையக் குடும்பங்களுக்குக் கட்டினதைவிடக் கூடவே கிடைத்தது. அப்படியும் பங்க்கில் நின்று பில்லைப் பார்க்கிறபோது வயிறு எரிந்ததே தவிர, பாங்க்கில் விழுந்த பணம் ஞாபகம் வரவில்லை. 2025 ஏப்ரல் 1-ல் அந்தக் கட்டணம் பூஜ்யமாகிவிட்டது. (ஸ்வீடன்காரர்கள் மட்டும் 1991-லிருந்து சத்தம் போடாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வேறு பிறவி.)

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வரி போட்டார்கள், ஜனங்கள் கோபப்பட்டார்கள், கணக்குக் கேட்டார்கள், சில இடங்களில் வரியையே ஒழித்தார்கள். நம் ஊரில் சுரங்க வாசலிலும் துறைமுகத்திலும் வாங்கினார்கள். நமக்குத் தெரியவே இல்லை. ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். டன்னுக்கு 400 என்றால் கிலோவுக்கு 40 பைசா. யூனிட்டுக்கு 28 பைசா. உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடி, அத்தனையும் நிலக்கரி மின்சாரமாக இருந்தால் 56 ரூபாய். கரன்ட் பில்லில் இப்படி ஒரு வரி அச்சடிக்கவில்லை. யூனிட் விலைக்குள் எங்கேயோ கரைந்துவிட்டது. தெரியாத வரிக்குக் கோபம் வராது. கோபம் வராத வரிக்குக் கணக்குக் கேட்க ஆள் கிடையாது. 86,440-ல் 15,900 போக மீதி எங்கே என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டீக்கடை அண்ணாச்சியும் "அப்ப சரி" என்றுதான் சொன்னார்.

என் அபிப்பிராயம் கேட்டால், அந்த 56 ரூபாயைக் கரன்ட் பில்லில் தனி வரியாகக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்க வேண்டும். நாலு பேர் திட்டியிருப்பார்கள். திட்டினவர்களில் ஒருவனாவது "சரி, அந்தத் துட்டு எங்கே?" என்று கேட்டிருப்பான்.

மாமாவுக்கு இன்னொரு ஆதங்கம் இருந்தது. "புகையில்லாத கரன்ட்டுன்னு இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி பேசுதாங்க. மேல பாரு" என்று மலையைக் காட்டினார். நியாயமான பெருமை. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை வைத்தபோதே, விழுகிற தண்ணீரின் விசையில்தான் மில்லை ஓட்டினார்கள். பைக்காரா 1932, மேட்டூர் 1937, அதற்கு அடுத்து 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம். காரையாறு அணையிலிருந்து கார், பிசானம் சாகுபடிக்கு இறங்குகிற தண்ணீர் போகிற வழியில் டர்பைனையும் சுற்றிவிட்டுப் போகிறது. இன்று 32 மெகாவாட்.

அதே ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே தூத்துக்குடி அனல் மின் நிலையம். 1979-ல் ஆரம்பித்து, 210 மெகாவாட்டாக ஐந்து யூனிட், மொத்தம் 1,050 என்று கட்டினார்கள். நிலக்கரி கப்பலில் வருகிறது. முப்பத்திரண்டு எங்கே, ஆயிரத்து ஐம்பது எங்கே! ஃபேனும் மோட்டாரும் மிக்ஸியும் ஓட அந்த ஆயிரத்து ஐம்பது வேண்டியிருந்தது என்பதையும் மாமா ஒப்புக்கொண்டார். அவர் வீட்டில் இப்போது ஏ.சி. இருக்கிறது. (அத்தைக்கு முட்டுவலி என்று காரணம் சொன்னார். முட்டுவலிக்கும் ஏ.சி.க்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.)

"சரி, வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் புகையை விட்டுட்டு இப்ப நம்மகிட்ட வந்து வரி போடுங்கானே, அது நாயமா?" என்று கேட்டது டீக்கடை அண்ணாச்சி. எங்கள் பேச்சை அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நியாயமில்லை என்றுதான் இந்தியா ஒவ்வொரு மாநாட்டிலும் சொல்கிறது. சராசரி இந்தியன் வருஷத்துக்கு விடுகிற கரியமில வாயு சுமார் இரண்டு டன். அமெரிக்கன் சுமார் பதினாலு. ஏழு வேட்டி விட்டவன் ஒரு வேட்டி விட்டவனைப் பார்த்து விரல் நீட்டுகிற கதை. ஆனால் ஐரோப்பா பேச்சோடு நிற்கவில்லை. வெளியிலிருந்து வருகிற இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் மாதிரிச் சரக்குகளுக்குக் கார்பன் எல்லைக் கட்டணம் என்று ஒன்றை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதில் ஒரு ஷரத்து. 'உன் ஊரிலேயே கார்பனுக்கு நீ பணம் கட்டியிருந்தால் சீட்டைக் காட்டு, கழித்துக்கொள்கிறேன்.'

தேதியைக் கவனியுங்கள். நாம் பதினைந்து வருஷமாக வாங்கிக்கொண்டிருந்த செஸ்ஸை எடுத்தது 2025 செப்டம்பரில். அவன் கதவைத் திறந்து சீட்டுக் கேட்டது மூன்று மாதம் கழித்து. இருந்திருந்தாலும் அந்தச் சீட்டை அவன் ஒப்புக்கொண்டிருப்பானா என்பது தனிச் சண்டை. 'காம்பன்ஸேஷன் செஸ்' என்று பேர் மாறின சீட்டை எந்த ஆடிட்டர்தான் ஒப்புக்கொள்வான்? டன் நிலக்கரி எரிந்தால் சுமார் ஒன்றரை டன் கரியமில வாயு. (எடை எப்படிக் கூடுகிறது என்றால், எரிகிறபோது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்கிறது.) அந்தக் கணக்கில் நம் 400 ரூபாய், வாயுவுக்கு டன் 270 ரூபாய்க்குள்தான். ஐரோப்பாவில் 2023 பிப்ரவரியில் ஒரு டன் 100 யூரோவைத் தாண்டியது. ஆனாலும் கையில் ஒரு சீட்டு இருப்பதற்கும் கையை விரிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதில்லையா? அவனிடம் கட்டுகிற பணம் அவன் கஜானாவுக்குப் போகும். இங்கேயே கட்டினால் இங்கே லைன் போடலாம்.

வரிக்குப் பதிலாகக் 'கார்பன் கிரெடிட்' சந்தை வருகிறது. 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், காகிதம் மாதிரிச் சில தொழில்களுக்கு இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த முதல் பட்டியலில் அனல் மின் நிலையங்கள் இல்லை. அதைப் பற்றி இன்னொரு வாரம்.

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க துணியைப் பத்திச் சொன்னிய. கீழ இருக்கவனுக்குச் செலவுன்னு சொன்னிய. எம் மவளை ஏரல்ல கட்டிக் கொடுத்திருக்கேன்" என்றார்.

2023 டிசம்பர் 17, 18. தென்கோடி ஜில்லாக்களில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரண்டு கரையையும் தின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் ஜனங்களோடு நடுவழியில் நின்றது. ஏரல் தீவாகிவிட்டது.

"ரெண்டு நாள் போன் கெடயாது. பேரப்பிள்ளைக்கு அப்ப ஒம்பது மாசம். மாடியில போய் நின்னிருக்காவ. ரெண்டு பசுவும் தொழுவத்துலயே போச்சு. பீரோல இருந்த துணிமணி, பத்திரம், மருமவன் கடைச் சரக்கு... எல்லாம் சகதி. மூணாம் நாள் நான் நடந்துதான் போனேன். அந்தத் துட்டை எந்த லெட்ஜர்ல எழுதுவிய அண்ணாச்சி?"

மாமா வாய் திறக்கவில்லை.

ஒரு மழையைக் காட்டி "இது இந்தப் புகையால்தான்" என்று கை நீட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மழை எந்தக் காலத்திலும் பெய்திருக்கிறது. ஆனால் காற்று ஒரு டிகிரி கூடச் சூடானால் சுமார் 7 பர்சென்ட் கூடுதலாக ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். பிடித்து வைத்ததை ஒருநாள் கொட்டித்தானே ஆக வேண்டும்? இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் பிளாஸ்டிக் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் கடைத் தரையில் ஒரு சின்ன ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது.

மாமா துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தார். "உள்ள எரியுற பல்பு கரன்ட்டும் எங்கிருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் சொன்னார். டீக்குக் காசு வாங்க அண்ணாச்சி மறுத்தார். மாமா விடவில்லை. கொடுத்துவிட்டு, எத்தனை டீ, எத்தனை வடை என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திருநெல்வேலி பஸ்ஸில் ஈரப் பையை மடியில் வைத்துக்கொள்ள முடியாமல் காலடியில் வைத்தேன். அம்பாசமுத்திரம் வருவதற்குள் பக்கத்து ஸீட் பெரியவரின் செருப்பு நனைந்துவிட்டது. கண்டக்டர் வந்தார், பார்த்தார், "இதுக்கு லக்கேஜ் போடணும் ஸார்" என்றார். ஒரு வேட்டிக்கா என்று வாதாட வாயெடுத்தேன். அப்புறம் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டினேன். சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

ராத்திரி ஊர் வந்து சேர்ந்து மாமாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். பிரயாணம் எப்படி இருந்தது, சாப்பிட்டாயா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"சீட்டுல என்ன தலைப்புப் போட்டிருக்கான்?" என்றார்.